வாங்காத நூல்

அந்த மழைக்காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் தொப்பி இல்லாத தலையே கிடையாது. கொழுந்தெடுக்கப் போகிற பெண்களுக்குத் தொப்பி, செடி கவ்வாத்து வெட்டுகிற ஆண்களுக்குத் தொப்பி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குத் தொப்பி. பேச்சியம்மாவின் ஆட்டுக்குட்டிக்குக்கூட, காது இரண்டும் வெளியே தெரிகிற மாதிரி ஒன்று. நிறத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்கக் கூடாது. பாதி ஊதா, பாதி செங்கல், நடுவில் ஒரு கோடு ரோஸ், உச்சியில் பெயர் சொல்ல முடியாத ஒரு பழுப்பு. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும்போது பனியில் முகம் தெரியாது. ஆனாலும் எங்கள் லயத்து ஆட்களைக் கணக்கப்பிள்ளை தூரத்திலேயே கண்டுகொள்வார். "மேல் லயத்துப் பூந்தோட்டம் வந்துருச்சி" என்பார்.

எல்லாம் நாகலெட்சுமியின் கைவேலை.

நாகலெட்சுமி எங்களுக்கு அடுத்த காம்பரா. வரிசை வீடாகக் கட்டிய லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அங்கே தாளித்தால் இங்கே தும்முவோம், இங்கே இருமினால் அங்கேயிருந்து சுடுதண்ணீர் வேண்டுமா என்று குரல் வரும். ஆகவே அந்த வீட்டில் நடந்ததைத் தெரிந்துகொள்ள எனக்குப் பெரிய சாமர்த்தியம் எதுவும் தேவைப்படவில்லை. காது இருந்ததே போதும்.

அவளுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்தெடுக்கிறாள். புருஷன் பொன்னையா தேயிலை ஃபெக்டரியில் காவல். ஒரே மகன் சுதாகரன் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான், மாதத்துக்கு ஒருமுறை வருவான். மருமகள் தனுஜா நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பெண். அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலையில் இருந்ததால் பிள்ளைப்பேறு உட்பட எல்லாம் மாமியார் வீட்டில்தான்.

நாகலெட்சுமி குமரியாக இருந்தபோது டவுன் கோயிலில் கன்னியாஸ்திரி ஒருவர் தோட்டத்துப் பெண்களுக்கு உல்லன் பின்னச் சொல்லிக்கொடுத்தாராம். கூடப் போனவர்கள் எல்லோரும் கல்யாணத்தோடு மறந்துவிட்டார்கள். இவள் விடவில்லை. இரண்டு ஊசியில் ஒன்று கடையில் வாங்கியது, மற்றது தொலைந்துபோக, குடைக்கம்பி ஒன்றைக் கல்லில் தேய்த்து ஊசியாக்கிக்கொண்டாள். பின்னுவதைவிட அவளுக்கு நூல் சேர்ப்பதில்தான் ஆசை அதிகம். டவுனுக்குப் போனால் நூர்தீன் முதலாளியின் கடையில் ஏறாமல் வர மாட்டாள். ஒரு உருண்டையாவது கையில் இருக்கும். எதற்கு என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"இருக்கட்டும்."

கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி. பூச்சி உருண்டை போட்டு, நிறம் நிறமாக அடுக்கி, மேலே பழைய சேலை போட்டு மூடி வைத்திருப்பாள். பின்னப் போகிறேன் என்று எடுப்பாள், நல்ல நூலாயிற்றே என்று திரும்ப வைத்துவிடுவாள். மகன் வாங்கி வந்த கண்ணாடிக் கோப்பைகளும் அப்படித்தான், தீபாவளிச் சேலையும் அப்படித்தான்.

"கல்யாணத்துக்கு எடுத்த கூறச்சேலைய இருக்கட்டும்னு வச்சிருக்கா" என்பார் பொன்னையா. "என்னையும் அப்பிடித்தான் வச்சிருக்கா. இன்னும் எடுத்து ஒதறிப் பாக்கல."

அந்தப் பெட்டியைத்தான் அவள் அந்த வருடம் திறந்தாள். திறந்ததற்குக் காரணம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்கென்று எதையும் வாங்கக் கூடாது. பிறந்த பிறகும் முதல் துணி புதுசாக இருக்கக் கூடாது. நல்லபடியாக வளர்கிற இன்னொரு பிள்ளை போட்டுக் கழித்த பழைய சட்டையைத்தான் முதலில் போடவேண்டும், புதுசென்றால் கண் பட்டுவிடும். இந்தக் கட்டுப்பாட்டுக்கெல்லாம் எங்கள் லயத்தில் காவல், பேச்சியம்மா. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் அவள் ஆயா. தோட்டத்தில் பாதிப் பேருக்கு மூக்குச் சிந்திவிட்ட கை அவளுடையது. அவள் சொன்னால் சொன்னதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தனுஜா முதன்முதலாக உண்டானபோது நாகலெட்சுமிக்குக் கை நிற்கவில்லை. பேச்சியம்மா சொல்லியும் கேட்காமல் நூர்தீன் கடையில் மஞ்சள் நூல் வாங்கிவிட்டாள். மருமகள் தூங்குகிற நேரம் பார்த்து, அரிசிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சின்னச் சட்டை பின்ன ஆரம்பித்தாள். உடம்பு முடிந்தது. ஒரு கையும் முடிந்தது. எட்டாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளை அசைவதை நிறுத்திவிட்டது.

பெண் பிள்ளை. பொன்னையாவும் சுதாகரனும் ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்து, மலையோரத்தில் டர்பன்டைன் மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். பெயர் வைக்கவில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றி அந்த வீட்டில் பிறகு யாரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஒற்றைக் கைச் சட்டையையும் மிச்ச மஞ்சள் நூலையும் நாகலெட்சுமி தலையணை உறை ஒன்றுக்குள் சுருட்டிப் பெட்டியின் அடியில் வைத்தாள். மேலே மற்ற நூலையெல்லாம் அடுக்கி மறைத்தாள். தான் முன்கூட்டி வாங்கியதுதான் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது என்று அவள் மனதுக்குள் முடிவாகிவிட்டது. சொல்லி அழவும் ஆளில்லை, யாரிடம் சொல்வாள்?

தனுஜா மறுபடி உண்டானதும் நாகலெட்சுமி மாரியம்மன் கோயிலில் போய் நின்றாள்.

"இந்தப் புள்ள சத்தம் எம் வீட்டுல கேக்குற வரைக்கும் ஒரு முழ நூல் வாங்க மாட்டேன் ஆத்தா. இது சத்தியம்."

வாங்க மாட்டேன் என்றுதான் நேர்ந்தாள், பின்ன மாட்டேன் என்று நேரவில்லை. மாதம் ஏற ஏற அவளுக்குப் பயமும் ஏறியது. பயந்த கை சும்மா இருக்குமா? பெட்டியைத் திறந்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு மட்டும் எதுவும் கிடையாது, கண்ணில் படுகிற மற்ற எல்லாத் தலைக்கும் தொப்பி என்றாகிவிட்டது.

முதலில் பலன் அடைந்தது அவளுடன் கொழுந்தெடுக்கிற பெண்கள். முதுகில் கூடை தொங்கும். அதன் கயிறு உச்சந்தலையில் கிடக்கும். கூடையில் ஈரக் கொழுந்து நிறைய நிறையக் கயிறு மண்டையை அறுக்கும். சாக்கை மடித்து வைப்போம், துணியைச் சுற்றுவோம், மழையில் எல்லாம் ஊறி வழுக்கும். உல்லன் தொப்பி வழுக்காது, ஈரமானாலும் சூடு விடாது. அந்த ஆனி மழையில், படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, காலில் அட்டை ஏறுவதைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் நிரைக்கு நிரை நகரும்போது, தலை மட்டும் சுகமாக இருந்தது. அந்த நன்றி எங்களுக்கு இன்னும் உண்டு.

"அக்கா, எனக்குச் செவப்புல ஒண்ணு" என்பாள் ஒருத்தி.

"செவப்பு முடிஞ்சிருச்சிடி. ஊதாவும் பழுப்பும் கெடக்கு."

"ரெண்டும் சேந்தா நல்லாவா இருக்கும்?"

"மழைக்கு நெறம் தெரியுமா? வேணுமா வேணாமா சொல்லு."

"புதுசா ஒரு உருண்ட வாங்குனா என்னா? பெரிய செலவா?"

"இருக்குறது முடியட்டும்" என்பாள் நாகலெட்சுமி. இருக்கட்டும் என்று சொல்லியே பழகிய வாய் இருக்கிறது முடியட்டும் என்று சொன்னது எங்களுக்கே வேடிக்கையாக இருந்தது.

சாயங்காலம் மடுவத்தில் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, பீலித் தண்ணீரில் கால் கழுவி, அடுப்பைப் பற்றவைத்துச் சாயத்தண்ணி குடித்த கையோடு ஊசியை எடுத்துவிடுவாள். தனுஜா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு உருண்டையிலிருந்து நூல் விட்டுக்கொடுப்பாள். இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டார்கள். வயிறு சட்டென்று அசைந்தால் தனுஜா கையை வைத்துக்கொள்வாள். நாகலெட்சுமியின் ஊசி ஒரு நிமிடம் நிற்கும், பிறகு ஓடும்.

ஆடி மாதம் டவுன் கிளினிக்குக்குத் தனுஜாவை அழைத்துப் போனாள். நானும் மருந்து எடுக்க அவர்களோடு போயிருந்தேன். திரும்பும்போது நூர்தீன் கடை வந்தது. நாகலெட்சுமி குடையைக் கடைப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கடன்காரனைக் கண்டவள் மாதிரி எட்டு வைத்தாள். முதலாளியின் மனைவி சுபைதா அன்றைக்குக் கடையில் இருந்தாள். குடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்ன நாகலெச்சுமி, கடைய மறந்துட்டீங்களா? எத்தின மாசமாச்சி! உள்ளுக்கு வாங்களே. புது நெறம் வந்தீக்கி, ஒங்களுக்கெண்டு ஒதுக்கி வச்சீக்கிறேன்."

"வேணாங்க ராத்தா. பஸ்ஸு வந்துரும்."

"பஸ் எங்க வாரது இந்த மழையில? புள்ளத்தாச்சிப் புள்ள நனையுது பாருங்க."

ஏற வேண்டியதாகிவிட்டது. சுபைதா தனுஜாவுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாள். அடுத்த நிமிடம் மேசையில் நூல் உருண்டைகளைப் பரப்பினாள். இளநீலம் ஒன்று இருந்தது. விடியற்காலை மழைவிட்ட வானம் மாதிரி. நாகலெட்சுமி இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கடைசியில் நேர்த்தியைச் சொல்லிவிட்டாள். முதல் பிள்ளை போனது சுபைதாவுக்கும் தெரியும்.

"சரி" என்றாள். "வாங்குறதுதானே கூடாது? நான் சும்மா தாரேன். ஏன்ட கையால புள்ளைக்கு. சல்லி வேணாம்."

நாகலெட்சுமியின் கை முந்தானைக்குள் அசைந்தது. பிறகு தலையை ஆட்டினாள்.

"சும்மா குடுத்தாலும் நான் கையில வாங்கணுமே ராத்தா. வாங்க மாட்டேன்னு சொல்லிட்டேனே. அம்மனுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியுமோ தெரியாதோ."

சுபைதா சிரித்தாள். "அது மெய்தான். நம்மட பாஷையில ரெண்டும் ஒரு சொல்லுதானே." இளநீல உருண்டையை எடுத்து அலமாரித் தட்டின் உச்சியில் வைத்தாள். "நல்லபடி பெறட்டும். அதுக்குப் பொறகு வந்து வாங்குங்க. ஆருக்கும் விக்க மாட்டேன். நான் துஆ கேக்குறேன்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தனுஜா மாமியாரின் கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆவணி முடியும்போது பெட்டியில் நூல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அதோடு ஒரு வினோதம் ஆரம்பித்தது. நாகலெட்சுமியின் கை மெதுவானது. பின்னி முடித்ததில் கண்ணி விட்டுப்போச்சு என்று பிரித்தாள். திரும்பப் பின்னினாள், இறுக்கிப்போச்சு என்று மறுபடி பிரித்தாள். மிச்சமிருந்தது பச்சை நூல் மட்டும். அதில் பொன்னையாவுக்கு ஒரு தொப்பி. அந்தத் தொப்பியை எத்தனை தடவை பிரித்தாள் என்பது அவளுக்கே தெரியாது. ராத்திரிக் காவல் முடிந்து வந்து தூங்கி எழும்புவார், தலையில் தொப்பி இருக்காது. சுருள் சுருளாக நூலாகி மனைவி மடியில் கிடக்கும்.

"எடி, அது பாட்டுக்கு நல்லாத்தான இருந்திச்சி?"

"காதுகிட்ட லூசு."

"எங்காது, எந்தல. நான் சொல்றேன் லூசு இல்லன்னு."

"பேசாம இருங்க. நாளைக்குத் தாறேன்."

அந்த நாளை வரவேயில்லை. பொன்னையா மாதிரி எனக்கும் இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. பச்சை முடிந்தால் அதற்குக் கீழே கை வைக்கவேண்டும் என்ற பயம் அவளுக்கு என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் தனுஜா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வேலை இல்லை. வெளியே மழை விடாமல் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நாகலெட்சுமி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள், அம்மியில் மிளகாய் வைத்துக் கட்டசம்பல் அரைத்த வாசம் இந்தப் பக்கம் வரை வந்தது. நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். தகரப் பெட்டியைச் சிமெந்துத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது.

"மாமி, மாமா தொப்பிய இன்னைக்கும் பிரிச்சிட்டீங்களா?"

"அளவு வரல தாயி."

"மாமாவுக்குத் தல வளருதா?"

நாகலெட்சுமி ரொட்டி தட்டுகிற சத்தம்தான் கேட்டது.

"பெட்டியில நூல் இல்ல மாமி."

"இருக்குதே, பச்ச."

"பச்சைக்குக் கீழ?"

நான் கத்தியை வைத்துவிட்டேன். சொன்னால் வெட்கம்தான், ஆனால் வைத்துவிட்டேன்.

"ரொட்டி கருகுது புள்ள" என்றாள் நாகலெட்சுமி. குரல் வேறு மாதிரி இருந்தது.

"கருகட்டும். எறக்கி வச்சிட்டு இங்க வந்து ஒக்காருங்க."

கல்லை இறக்குகிற சத்தம். பிறகு தலையணை உறையை உதறுகிற சத்தம்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலருந்து வந்த வாரமே தெரியும். குளுருதுன்னு கம்பளி தேடுனேன். கையில இது ஆம்புட்டுச்சி. மொகத்துல வச்சி மோந்து பாத்தேன். பூச்சி உருண்ட வாசந்தான் வந்திச்சி. வச்சிட்டேன்."

"ஏன்டி எங்கிட்டக் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

நாகலெட்சுமி அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல் அழுகிறவள்தான், அன்றைக்குச் சத்தம் வந்தது. "வாங்காதேன்னு பேச்சியக்கா தலபாடா அடிச்சிச்சி. மஞ்சளப் பாத்தோன்ன எங்கை நிக்கல. வாங்கிட்டேன். நாந்தான் தாயி அந்தப் புள்ளய..."

"நிப்பாட்டுங்க மாமி."

தனுஜா எழுந்து போனாள். அவளுடைய பை ஆணியில் தொங்கும், அதன் ஜிப்பைத் திறக்கிற சத்தம். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"இதப் பாருங்க. ஹட்டன்ல வாங்குனது. ஒரு சோடி மேஸ், சின்னக் காலுக்கு. இன்னும் அட்டையில தச்சபடியே இருக்கு. நீங்க நூல் வாங்குறதுக்கு முந்தியே நான் இத வாங்கிட்டேன். இம்புட்டு நாளும் நான் என்னா நெனச்சேன் தெரியுமா? இந்த மேஸாலதான் போயிருச்சின்னு. நான் யார்கிட்டச் சொல்றது? ஒங்க மகன்கிட்டயும் சொல்லல."

அப்போது முன் திண்ணையான இஸ்தோப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. பொன்னையா ரொட்டிக்காக வந்து வாசலிலேயே நின்றிருந்திருக்கிறார்.

"தொட்டில் கொக்கி அடிச்சது நான்" என்றார்.

"என்னாங்க?"

"அந்தா, கூர வளையில பாரு. ஃபெக்டரி ஆசாரிகிட்டச் சொல்லிச் செஞ்சி, நீங்க ரெண்டு பேரும் கிளினிக்குக்குப் போன அன்னைக்கு ஏறி அடிச்சேன். புள்ள போனதுக்கப்புறம் கழட்ட மனசு வரல. யாரும் என்னா ஏதுன்னு கேக்கக் கூடாதுன்னு வெங்காயப் பைய மாட்டிட்டேன்."

அந்த வெங்காயப் பையை நானும் பார்த்திருக்கிறேன். அடுப்படியில் மாட்டாமல் வீட்டு நடுவில் எதற்கு வெங்காயம் என்று ஒருநாள் கேலிகூடச் செய்திருக்கிறேன்.

தனுஜாதான் முதலில் பேசினாள். "கொடி கழுத்துல சுத்திக்கிச்சின்னு டொக்டர் சொன்னாரு. எங்கிட்ட, ஒங்க மகன்கிட்ட, ரெண்டு பேருகிட்டயும் சொன்னாரு. நூலும் இல்ல, மேஸும் இல்ல, கொக்கியும் இல்ல. கொடி மாமி. நாம மூணு பேரும் ஆளுக்கொண்ண ஒளிச்சி வச்சிக்கிட்டுத் திரியுறோம்."

"ஆமா தாயி" என்றார் பொன்னையா. அவர் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"இந்தச் சட்டைய முடிங்க மாமி."

"இதையா?"

"ஒரு கைதான பாக்கி? அவளுக்குன்னு ஆரம்பிச்சீங்க. ஒத்தக் கையோட பெட்டிக்கடியில கெடக்குறா. முடிங்க."

"முடிச்சி யாருக்குடி போடுறது?"

"அவளுக்குன்னே முடிங்க."

அன்றைக்கு அந்த வீட்டில் கருகின ரொட்டியைத்தான் தின்றார்கள். எனக்கும் ஒன்று சுவருக்கு மேலால் வந்தது. கட்டசம்பல் வைத்துத் தின்றால் கருகல் தெரியவில்லை.

நாகலெட்சுமி அடுத்த நாளே மஞ்சள் நூலை ஊசியில் ஏற்றினாள். இந்த முறை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இல்லை, இஸ்தோப்பில், எல்லோரும் பார்க்க. பேச்சியம்மா அந்த வழியாகப் போகும்போது நின்று கேட்டாள்: "யாருக்கு இம்புட்டுச் சின்னதா?" தனுஜா முந்திக்கொண்டாள்: "பழைய சட்ட பெரியம்மா. பிஞ்சத ஒட்டுறாங்க." பேச்சியம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மணிக்கட்டுக்கு இரண்டு விரல்கடை இருக்கும்போது மஞ்சள் தீர்ந்துவிட்டது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். பூச்சி உருண்டைதான் உருண்டது. கடையில் இதே மஞ்சள் இருக்கும், ஆனால் வாங்க முடியாது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுப் பொன்னையா தலையிலிருந்த பச்சைத் தொப்பியைக் கழற்றி மடியில் போட்டார். அது அப்போதுதான் ஒரு வழியாக அவர் தலைக்கு வந்து சேர்ந்திருந்தது.

"இந்தா, பிரி. ஒனக்குத்தான் பிரிச்சிப் பழக்கமாச்சே."

"குளுருமே ஒங்களுக்கு."

"குளுரட்டும். எம் பேத்திக்குத்தான குடுக்குறேன்."

பேத்தி என்று அவர் சொன்ன பிறகு நாகலெட்சுமிக்குக் கொஞ்ச நேரம் கண்ணி தெரியவில்லை, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பின்னினாள். இடது கை முனையில் பச்சை விளிம்பு ஏறியது. வலது கையில் இல்லை. பெட்டி காலி. ஊசி இரண்டையும் அதற்குள் போட்டு மூடினாள்.

"எங்கிட்ட இருக்கட்டும்" என்று தனுஜா சட்டையை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் செய்தது எனக்குப் புரியவில்லை. பீலியில் துணி துவைக்கப் போகும்போதெல்லாம் அந்த மஞ்சள் சட்டையும் வாளியில் இருக்கும். வயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிய முடியாமல் குனிந்து கசக்குவாள், அடுப்புக்கு மேலே கயிற்றில் போடுவாள். காய்ந்ததும் மறுபடி வாளிக்குள் போகும். யாரும் போடாத சட்டையை எதற்கு இந்தப் பாடு படுத்துகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. புகையும் தண்ணீரும் பட்டுப் பட்டு மஞ்சள் வெளுத்து, நூலில் பஞ்சு எழும்பி, உள்ளங்கைக்கு இதமாகிவிட்டது.

ஐப்பசியில் வலி கண்டது. சுதாகரன் கொழும்பிலிருந்து முன்கூட்டியே வந்திருந்தான். காலையில் த்ரீவீல் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். கூட ஒரு ஆள்தான் நிற்கலாம் என்றார்கள். நாகலெட்சுமியால் வீட்டில் இருக்க முடியவில்லை, எங்களோடு மலைக்கு வந்துவிட்டாள். போனைப் பொலித்தீன் பையில் கட்டி இடுப்பில் சொருகியிருந்தாள். அன்றைக்கு அவள் எடுத்த கொழுந்தில் பாதி முற்றல் இலை. கங்காணியும் கண்டும் காணாமல் போய்விட்டார், அவரும் பிள்ளை பெற்றவர்தானே.

மத்தியானம் மழை கொஞ்சம் விட்ட நேரம் போன் அடித்தது. ஈரக் கையால் பையின் முடிச்சு அவிழவில்லை. நான்தான் பல்லால் கடித்துப் பிய்த்துக் கொடுத்தேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு நின்றோம்.

"அம்மா" என்றான் சுதாகரன். அந்தப் பக்கம் அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. "பொம்பளப் புள்ள. பபா ஹொந்தாய்னு நர்ஸ் மிஸ் சிங்களத்துல சொல்றாங்க. நல்லா இருக்காம்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இருங்க, சத்தத்தக் கேளுங்க."

போனுக்குள்ளிருந்து ஒரு கீச்சுக் குரல் மலையில் கேட்டது. நாகலெட்சுமி கூடையை இறக்கி வைத்துவிட்டு, தலைத் தொப்பியைக் கழற்றி, கோயில் இருந்த திசைக்கு ஒரு கும்பிடு போட்டாள். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு அடுத்த நிரைக்குப் போனாள். அங்கே போய்த்தான் அழுதாள்.

பிள்ளையைக் கொண்டுவந்த அன்று நல்ல வெயில். எங்கள் பக்கம் ஐப்பசியில் வெயிலைப் பார்ப்பது அபூர்வம். கீழ் ரோட்டில் த்ரீவீல் நின்றது. அங்கிருந்து படியேறி வரவேண்டும். லயமே இஸ்தோப்பில் நின்றது, தொப்பியும் தலையுமாக. நாகலெட்சுமி ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். கொக்கியில் வெங்காயப் பை இல்லை, ஒரு பழைய சேலைத் தொட்டில் தொங்கியது. பேச்சியம்மா தன் பேரப்பிள்ளை போட்டுக் கழித்த சட்டை ஒன்றைத் துவைத்து மடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தாள். முதல் துணி அவள் கையால்தான் என்று பேச்சு. ஆஸ்பத்திரித் துணியெல்லாம் அவள் கணக்கில் சேராது.

ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்து, தனுஜா உள்ளே வந்து உட்கார்ந்ததும் பேச்சியம்மா பிள்ளைக்குக் கை நீட்டினாள். சுற்றியிருந்த போர்வையை விலக்கினாள். விலக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னாடி இது? உல்லன் சட்ட! ஊரு ஒலகமெல்லாம் தெரிஞ்ச நாகலெச்சுமி, பெறக்க முந்தியே பின்னி வச்சிருந்தியா? ஒருக்காப் பட்டது போதாதா? புதுசப் போட்டு வாசப்படி ஏத்திட்டீங்களேடி!"

நாகலெட்சுமியின் ஆரத்தித் தட்டிலிருந்து மஞ்சள் தண்ணீர் தரையில் சிந்தியது. அந்தச் சட்டையைப் பிள்ளை உடம்பில் அவளும் அப்போதுதான் பார்க்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பொன்னையா வளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தனுஜா பதறவில்லை.

"புதுசு இல்லீங்க பெரியம்மா" என்றாள். "இது அவ அக்காவோடது."

பேச்சியம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். நாகலெட்சுமியைப் பார்த்தாள். பிறகு குனிந்து சட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். வெளுத்துப்போன மஞ்சள், பஞ்சு எழும்பின நூல், ஒரு கைக்கு மட்டும் பச்சை விளிம்பு. எத்தனையோ பிள்ளைகளின் பழந்துணியைத் தொட்ட விரல் அது. தான் கொண்டுவந்த சட்டையை மெதுவாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"அதான் பாத்தேன்" என்றாள். "அக்கா சட்டன்னா தங்கச்சிக்குக் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும். கைய மடிச்சி விடு நாகலெச்சுமி."

நாகலெட்சுமி தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, பச்சை விளிம்பை மடித்துவிட்டாள். உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்தது.